உட்கார்ந்து வாசித்த பேஞ்சோ

எனக்குக் கச்சேரிப் பைத்தியம் உண்டு. மைதானத்தில் வெள்ளைக்காரப் பாடகர் வந்தாலும் போவேன், மாட்டுங்காவில் வயலின் என்றாலும் போவேன், தாராவிப் பையன்கள் மூன்று மொழியைக் கலந்து மூச்சு விடாமல் பொரிந்து தள்ளும் ராப் கூட்டத்துக்கும் போவேன். கூட வருகிறவர்களுக்கு நான் பெரிய தொல்லை. டிரம் அரைக்கால் இடம் பிந்தினாலும் முகத்தைச் சுளிப்பேன். பாடுகிறவர் "எல்லாரும் கையைத் தூக்குங்க" என்று கெஞ்ச ஆரம்பித்தால் அவர் மேல் இருந்த மரியாதை அங்கேயே போய்விடும். கேட்டு வாங்குகிற கைதட்டலில் என்ன இருக்கிறது? "இப்படி எல்லாரையும் நொட்டை சொல்கிறாயே, நீ யாரைக் கேட்டு வளர்ந்தாய்?" என்று தோழிகள் கேட்பார்கள். எங்கள் மாமாவின் பேஞ்சோ பார்ட்டியைக் கேட்டு வளர்ந்தேன் என்பேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

வெளிநாட்டுத் தொப்பிக்காரர்கள் மீட்டும் பேஞ்சோ வேறு, பம்பாய்ப் பேஞ்சோ வேறு. எங்களுடையது நீளமான மரப்பெட்டி. மேலே டைப்ரைட்டர் போலக் கட்டைகள், அவற்றுக்கு அடியில் தந்திகள். இடது கை கட்டைகளை அமுக்கும், வலது கை ஒரு சின்ன பிளாஸ்டிக் வில்லையால் தந்தியைத் தட்டும். ஒயரைச் செருகி ஆளுயர ஸ்பீக்கரில் விட்டால் நாலு தெருவுக்குக் கேட்கும். கூட ஒரு கீபோர்டு, குச்சியால் தட்டினால் விதவிதமாகச் சத்தம் போடுகிற பேட், ஒரு டிரம். இவ்வளவுதான் பார்ட்டி. பிள்ளையாரைக் கரைக்கப் போகிற நாளில் இது இல்லாமல் எந்தத் தெருவும் கிளம்பாது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பகலில் தோல்பை தைக்கிற பட்டறையில் மெஷின் ஓட்டுவார், சாயங்காலம் எங்கள் வீட்டு மாடியில் பேஞ்சோ வாசிப்பார். மாடி என்று கௌரவமாகச் சொல்கிறேன். தாராவியில் எல்லார் வீட்டிலும் இருப்பதுபோல, கீழே ஓர் அறை, ஏணி வைத்து ஏறினால் பலகை போட்ட இன்னோர் அறை. அதில் பதினொரு வயதுக்காரியான நானே குனிந்துதான் போக வேண்டும். பார்ட்டியின் நான்கு பேரும் அங்கே முட்டியோடு முட்டி இடிக்கச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஸ்பீக்கருக்குப் போர்வையைப் போர்த்தி, ஒன்பது மாதம் பயிற்சி எடுத்தார்கள். கீபோர்டு அண்ணன் ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சில் வாசிக்கிறவர், நல்ல பருமன். அவர் ஏறினால் ஏணி முனகும்.

அவர்களுடைய ஒரே ரசிகை நான். ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்து, தலையை மட்டும் மாடிக்குள் நீட்டிக் கேட்பேன். சும்மா கேட்கவில்லை. "மாமா, மூணாவதுல ஓடுறீங்க", "பேட் அண்ணா தூங்குறாங்க" என்று தீர்ப்பும் சொல்வேன். பாட்டுகளுக்கு எங்களிடம் பெயர் கிடையாது, எண்தான். ஏழாவது மாமா தானே போட்ட மெட்டு. இங்குள்ள மீனவர் பாட்டுத் தாளத்தில் ஆரம்பித்து, நடுவில் ஒரு நொடி எல்லாம் நின்று, பிறகு எங்கள் சொந்த ஊர்ப் பக்கத்து நையாண்டி மேள அடியில் பாய்ந்து ஓடும். அந்த ஒரு நொடி மௌனத்தில் எனக்கு ஒவ்வொரு தடவையும் மயிர்க்கூச்செறியும். இன்றைக்கு நினைத்தாலும் அப்படித்தான்.

கீழே படுத்திருக்கும் அப்பாவுக்கு இதில் எதுவும் ஏறாது என்பது என் முடிவு. அப்பா கைவண்டி இழுப்பவர். தோல் கட்டுகளையும் பிளாஸ்டிக் மூட்டைகளையும் ஏற்றிப் பட்டறைக்குப் பட்டறை கொண்டுபோவார். சாயங்காலம் வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுத்துவிடுவார். அவர் தலைக்கு மேல்தான் கச்சேரி. ஏழாவது முடிந்ததும் தடிக்குச்சியால் பலகையை இரண்டு தட்டு தட்டுவார். நிறுத்து என்று அர்த்தம். கலை ரசனை இல்லாத மனிதருக்கு மகளாய்ப் பிறந்துவிட்டோமே என்று வருத்தப்பட்டிருக்கிறேன்.

பிள்ளையார் வைத்துத் திருவிழா நடத்துகிற எங்கள் தெரு மண்டலுக்கு வருடா வருடம் வெளியிலிருந்துதான் பேஞ்சோ வரும். "நம்ம பயலுவ என்னத்த வாசிச்சுக் கிழிப்பானுவ" என்பது மண்டல் தலைவரின் அபிப்பிராயம். அவர் டீக்கடை வைத்திருந்தார், அதனால் அவர் அபிப்பிராயம் தெரு முழுக்கப் பரவியிருந்தது. அந்த வருடம் வழக்கமாக வருகிற பார்ட்டி கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டதால், வேறு வழியில்லாமல் மாமாவைக் கூப்பிட்டார்கள். அம்மாவுக்கு அதில் சந்தோஷமில்லை. பட்டறை முதலாளி பம்பாய்க்கு வெளியே வசாயில் புதுப் பட்டறை திறக்கிறார், மாமாவை மேஸ்திரியாக அங்கேயே வந்து தங்கச் சொல்கிறார், இந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டு இவன் போகமாட்டேன் என்கிறானே என்பது அவள் குறை. சண்டை முற்றி ஒருநாள் மாமா எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

"சரிக்கா. அன்னைக்குத் தெரு ஆடலன்னா பேஞ்சோவ எடைக்குப் போட்டுட்டு வசாய்க்குப் போயிருதேன். போதுமா?"

"சாமி சத்தியமாச் சொல்லு."

"சாமி சத்தியமா."

 மாமா போனால் மாடியில் என்ன இருக்கும்? பழைய துணி மூட்டையும் மழைக்கு ஒழுகும் தகரமும்தான் இருக்கும்.

பிள்ளையார் வைத்த ஐந்தாம் நாள் மதியம் ஊர்வலம் கிளம்பியது. முன்னால் ஆடுகிறவர்கள், அவர்களைப் பார்த்தபடி பேஞ்சோ பார்ட்டி, பின்னால் டிரக்கில் பிள்ளையார். மாஹிம் கடல் வரை போக வேண்டும். ஸ்பீக்கர்களை அப்பாவின் கைவண்டியில் ஏற்றியிருந்தார்கள். அப்பா அந்த வண்டியை இன்னொருவர் கையில் கொடுக்கமாட்டார், அதனால்தான் அவரும் வந்தார். மாமா நீலச் சட்டை போட்டு, பெல்ட்டில் கோத்த பேஞ்சோவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பள்ளிக்கூடத் தோழிகள் ஐந்து பேரைக் கூட்டிவந்து முன்வரிசையில் நிறுத்தியிருந்தேன்.

முதல் பாட்டு ஆரம்பித்தது. பத்து எட்டு வைப்பதற்குள் தெரிந்துவிட்டது, எங்கேயோ கோளாறு என்று. மாமாவின் விரல் ஒரு கட்டைக்குப் போக வேண்டியது பக்கத்துக் கட்டைக்குப் போனது. டிரம் ஒரு பக்கம், பேட் ஒரு பக்கம். இரண்டாவது பாட்டு அதைவிட மோசம். மாமா பேஞ்சோவைப் பார்க்கவில்லை, பள்ளம் பார்த்து நடந்துகொண்டிருந்தார். ஆட வந்தவர்கள் கையைத் தூக்கிப் பார்த்தார்கள், இடுப்பை அசைத்துப் பார்த்தார்கள், எந்தத் தாளத்தைப் பிடிப்பது என்று தெரியாமல் சும்மா நடந்தார்கள். என் தோழிகளில் இரண்டு பேர் காணாமல் போய்விட்டார்கள்.

மண்டல் தலைவர் மாமா பக்கத்தில் வந்தார். "என்னடே, சுருதியே சேத்துக்கிட்டிருக்கீய? பாட்டு எப்ப? முடியலன்னா சொல்லு, எங்கிட்ட பென்டிரைவ் இருக்கு, போட்டுருவோம்."

 மாமாவின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

தெருமுனையில் ஆரத்திக்காக ஊர்வலம் நின்றது. களைத்துப்போன மாமா வண்டியின் விளிம்பில் இடுப்பைச் சாய்த்து, பேஞ்சோவைப் பலகை மேல் வைத்து, தன்போக்கில் நாலு வரி வாசித்தார். சுத்தமாக வந்தது. ஊர்வலம் நகர்ந்தது, மாமா நடந்தார், மறுபடியும் எல்லாம் குலைந்தது. ஒன்பது மாதம் ஏணியில் உட்கார்ந்து கேட்ட எனக்கு அப்போது பளிச்சென்று புரிந்தது. இவர்களுக்கு வாசிக்கத் தெரியும். நடக்கத்தான் தெரியாது. நிமிர்ந்து நிற்க முடியாத மாடியில் உட்கார்ந்தே பழகியவர்கள் ஒரு நாளாவது எழுந்து நின்று வாசித்துப் பார்த்திருக்கிறார்களா? தெருவில் இறங்கும் வரை நான்கு பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. எனக்கும்தான்.

ஓடிப்போய் மாமா சட்டையைப் பிடித்து இழுத்தேன். "மாமா, வண்டில ஏறி உக்காருங்க. உக்காந்து வாசிங்க."

"சும்மா இரு புள்ள. பேஞ்சோவ உக்காந்து எவனாவது வாசிப்பானா? பஜனை கோஷ்டின்னு சிரிப்பானுவ."

அது உண்மைதான். பேஞ்சோ என்றால் நின்று, நடந்து, இடுப்பை ஆட்டி வாசிக்க வேண்டும். அதுதான் கெத்து. உட்கார்ந்தால் மானம் போய்விடும் என்று எல்லாப் பார்ட்டிக்காரர்களும் நினைத்த காலம் அது.

"இப்ப மட்டும் சிரிக்காமயா இருக்காங்க?" என்று கேட்டேன்.

மாமா என்னைப் பார்த்தார். நான் அடி விழும் என்று நினைத்தேன். அதற்குள் வண்டி நின்றுவிட்டது. அப்பா சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏறுங்கல" என்றார். அன்று ஊர்வலத்தில் அவர் பேசிய முதல் வார்த்தை அது. சீக்கிரம் வேலை முடிந்தால் போதும் என்ற எரிச்சல் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

யார் எங்கே உட்கார வேண்டும் என்று அவர்தான் சொன்னார். அதில் எனக்குக் கடுங்கோபம். பருமனான கீபோர்டு அண்ணனை முன்னால் போட்டார், டிரம்மைப் பின்னால் போட்டார், ஸ்பீக்கர்களை இரண்டு விரல் அப்படி, நாலு விரல் இப்படி என்று நகர்த்தினார். மாமாவைக் கொண்டுபோய் நட்டநடுவில், அச்சுக்கு நேர் மேலே உட்கார வைத்தார். எங்கள் கதாநாயகர் கீபோர்டு அண்ணனின் முதுகுக்குப் பின்னால் பாதி மறைந்துவிட்டார். "அப்பா, மாமாவ முன்னால உக்கார வைங்க, தெரியவே மாட்டேங்குறாங்க" என்றேன். அப்பா காதில் வாங்கவில்லை. நுகத்தடி போல முன்னால் நீட்டிக்கொண்டிருந்த கட்டையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இழுக்க ஆரம்பித்தார். பின்னால் இரண்டு பேர் தள்ளினார்கள்.

மூன்றாவது பாட்டு. சம்மணம் போட்டதும் அவர்கள் எங்கள் மாடிக்கே போய்விட்டார்கள். நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள், மாமாவின் கண் பாதி மூடியது, விரல்கள் தானாக ஓடின. முதலில் ஒரு கிழவர் ஆட ஆரம்பித்தார். பிறகு டீக்கடைப் பையன்கள். நாலாவதில் பெண்கள் இறங்கினார்கள். ஐந்தாவதில் மண்டல் தலைவர், பென்டிரைவ் இருந்த சட்டைப்பையை ஒரு கையால் பொத்திக்கொண்டு, மற்றொரு கையைத் தூக்கி ஆடினார். காணாமல் போன தோழிகள் எங்கிருந்தோ முளைத்தார்கள். நான் வண்டியைப் பார்த்தபடி பின்னோக்கி ஆடிக்கொண்டே போனேன். ஒரே ஒரு குறை. மாமாவைப் பார்க்கலாம் என்று எட்டிப் பார்க்கும்போதெல்லாம் நடுவில் அப்பாவின் முகம். பல்லைக் கடித்துக்கொண்டு, தரையை முறைத்துக்கொண்டு, வியர்வை வழிய. இவ்வளவு பேர் சந்தோஷமாக இருக்கும்போது இந்த மனிதர் மட்டும் ஏன் இப்படி என்று எரிச்சலாக இருந்தது.

நாலு ரோடு கூடும் நாக்காவில் இன்னொரு ஊர்வலம் வந்து சேர்ந்தது. முப்பது பேர் கொண்ட பெரிய பார்ட்டி, எல்லார் தலையிலும் ஒரே மாதிரி காவித் தலைப்பாகை. அவர்களுடைய தலைவர் மருதாணி போட்ட சிவப்புத் தலைமுடியும் வெள்ளை ஷூவுமாக, பேஞ்சோவைக் கழுத்தில் மாட்டி இடுப்பை ஒடித்து நின்றார். அந்தப் பெரிய மனிதரை எனக்குத் தெரியும், அவர் வாசித்த வீடியோ தெருவில் எல்லார் போனிலும் இருந்தது. இரண்டு ஊர்வலம் சந்தித்தால் முதலில் ஒருவர் பிள்ளையாருக்கு மற்றவர் வணக்கம் வாசிக்க வேண்டும், அது மரியாதை. அதன்பிறகு போட்டி. போலீஸ்காரர்கள் நிற்கவிடமாட்டார்கள், "சலோ சலோ" என்று விரட்டிக்கொண்டே இருப்பார்கள். ஆகவே கடலுக்குப் போகும் அகல ரோட்டில் இரண்டு பார்ட்டியும் பக்கம் பக்கமாக நகர்ந்துகொண்டே வாசிக்கும். ஆடுகிற கூட்டம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அவர்களுக்கு ஜெயம்.

எங்கள் வண்டியைப் பார்த்ததும் தலைப்பாகைக்காரர்கள் சிரித்தார்கள். "அரே, பஜன் மண்டலி ஆயி" என்று ஒருவர் கத்தினார். மாமா பயந்தபடியே நடந்துவிட்டது. அவர்கள் முப்பது பேரும் ஒரே நேரத்தில் அடித்தபோது என் நெஞ்செலும்பு அதிர்ந்தது. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். துரோகிகள் என்று தமிழிலும் இந்தியிலும் கத்தினேன். யார் கேட்டார்கள்?

மாமா கண்ணை முழுசாகத் திறந்தார். திரும்பி மற்ற மூன்று பேருக்கும் விரல்களைக் காட்டினார். ஏழு.

மீனவத் தாளம் மெதுவாக எழுந்தது. மீனவர் குடியிருப்பான கோளிவாடாவின் பெண்கள் சிலர் தலைப்பாகைக் கூட்டத்திலிருந்து திரும்பிப் பார்த்தார்கள், அது அவர்களுடைய அடி அல்லவா. ஒருத்தி வந்தாள், அவளோடு பத்துப் பேர் வந்தார்கள். பாட்டு ஏறியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அந்த ஒரு நொடி வந்தது. எல்லாம் நின்றது. பக்கத்தில் முப்பது பேர் அடித்தும் என் காதில் செருப்புச் சத்தமும் எங்கள் வண்டிச் சக்கரத்தின் சத்தமும் மட்டும் கேட்டன. அப்புறம் நையாண்டி அடி பாய்ந்தது.

ரோடே குதித்தது. தமிழர்கள், மராட்டிக்காரர்கள், தலைப்பாகைப் பார்ட்டியின் சொந்தக் கூட்டம், எல்லாரும் எங்கள் வண்டியைச் சுற்றி. ஒரு போலீஸ்காரர் லத்தியால் தன் தொடையில் தாளம் போட்டார். சிவப்பு முடிக்காரர் கையை உயர்த்தினார், அவருடைய முப்பது பேரும் நிறுத்தினார்கள். அவர் எங்கள் வண்டி அருகில் வந்து மாமாவின் விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு "வாஜவ் ரே, வாஜவ்" என்றார். வாசி, வாசித்துக்கொண்டே இரு என்று அர்த்தம். திரும்பித் தன் ஆட்களுக்குச் சைகை காட்டினார். அவர்களுடைய டிரம்களும் எங்கள் ஏழாவதில் சேர்ந்துகொண்டன. கடல் வரைக்கும் அதே பாட்டு. ஓடிவந்து சேர்ந்த அம்மா, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு ஆடியதை இந்தக் கண்ணால் பார்த்தேன். வசாய் பேச்சு அதோடு முடிந்தது.

அடுத்த வருடம் திலக் நகரிலிருந்தும் கிங்ஸ் சர்க்கிளிலிருந்தும் மாமாவைக் கூப்பிட்டார்கள். உட்கார்ந்து வாசிக்கிற பார்ட்டி என்றுதான் கேட்டு வந்தார்கள். உட்கார வைத்தது நான்தான் என்று பல வருடம் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன். இப்போதும் அதில் எனக்கு வெட்கமில்லை.

ஆனால் கதை அவ்வளவுதான் என்றும் நினைத்திருந்தேன். மூன்று வருடம் முன்பு மாமாவை ஒரு பெரிய மைதானக் கச்சேரிக்குக் கூட்டிப்போனேன். டிரம் வாசித்தவர் உலகப் புகழ் பெற்றவர். "தாளம்னா இதுதான் மாமா, கடிகாரம் மாதிரி" என்றேன்.

"ஒங்கப்பாவ விடவா?" என்றார் மாமா.

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். அவர் கேலி செய்யவில்லை. "குலுக்கல் கம்மியா இருக்கட்டும்னுதான் என்னைய அச்சுக்கு மேல உக்கார வச்சாரு. அன்னைக்கு நான் டிரம்மையும் பாக்கல, பேடையும் பாக்கல. முன்னால தெரிஞ்ச அத்தான் தோளத்தான் பாத்தேன். ஒரே சீரா ஏறி எறங்கிச்சு. பள்ளம் வந்தா ரெண்டு எட்டுக்கு முன்னாலயே தோள் தாழும், நான் சுதாரிச்சுக்கிடுவேன். ஏழாவதுல அந்த நிறுத்தம் வருதுல்லா, அந்த எடத்துல சரியா வண்டிய மெதுவாக்குனாரு. நான் சொல்லவேயில்ல. கீழ படுத்துக் கேட்டுக் கேட்டு எல்லாம் அவருக்கு மனப்பாடம்."

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கேட்டேன். "நாலு ஆளு, மூணு பொட்டி. நல்ல பாரம்" என்றார். 

அந்த ஊர்வல நாளில், கடலில் பிள்ளையார் கரைந்ததும் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஸ்பீக்கர்கள் டிரக்கில் போய்விட்டன. காலி வண்டியைக் காட்டி அப்பா என்னை ஏறிக்கொள்ளச் சொன்னார். நான் ஏறி, ஜெயித்த ராணி மாதிரி காலை நீட்டிச் சாய்ந்துகொண்டேன். அப்பா இழுத்தார், மாமா பின்னாலிருந்து தள்ளினார். வழியில் பார்த்தவர்கள் எல்லாரிடமும் நான் வண்டியிலிருந்தபடியே கதை சொல்லிக்கொண்டு வந்தேன். "எல்லாரும் ஆடுனாங்க. அம்மா ஆடுனாங்க, போலீஸ்காரர் ஆடுனாரு. எங்கப்பா மட்டுந்தான் ஒரு தடவகூட ஆடல. மூஞ்சிய உம்முன்னு வச்சுக்கிட்டு வந்தாரு." கேட்டவர்கள் சிரித்தார்கள்.

அப்பாவும் சிரித்தார். "எனக்கு எங்க புள்ள இதெல்லாம் வெளங்குது" என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

பாவம், பாட்டு என்றால் என்னவென்றே தெரியாத மனிதர் என்று எனக்கு இரக்கமாக இருந்தது. பெரிய மனது பண்ணி அவரை மன்னித்தேன். ஏழாவதை முணுமுணுத்துக்கொண்டே வண்டியில் தூங்கிப்போனேன். வீடு வந்ததே எனக்குத் தெரியவில்லை.